பல்லில்லாத இயந்திரம்

கொரின், பழைய வீட்டுப் பிலிம்களை வீடியோவாக மாற்ற இன்னொரு இயந்திரம் வாங்குவதானால் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமையே பதில் எழுதியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கடையின் மூன்று படி ஏறினாலே அலுப்பாக இருக்கிறது. கடையை வாங்கப்போகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய புரொஜெக்டரில் பிலிமைச் சுவரில் ஓட்டி, அதை வீடியோ எடுத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். படம் மினுக்மினுக்கென்று துடிக்கும். விளக்குச் சூடு வேறு. அதைவிட மோசம், ஓரத்து ஓட்டைகளில் மாட்டிப் பிலிமை இழுக்கும் அதன் பல். நாற்பது வருடம் அலமாரியில் கிடந்த பிலிம் சுருங்கியிருக்கும், ஓரத்து ஓட்டைகள் நெருங்கிப்போயிருக்கும். பல்லுக்கு அது தெரியாது, பிடித்து இழுக்கும். யாரோ ஒருவருடைய கல்யாணம் உங்கள் கண்ணெதிரே கிழிவதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நான் வாங்கியது பல்லில்லாத இயந்திரம். ரப்பர் உருளைகள் பிலிமை மெதுவாக நகர்த்தும். சூடில்லாத வெளிச்சம். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் படம் பிடிக்கும். இதையே வாங்குங்கள். ஒரே குறை, பிலிமை எந்தப் பக்கமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பிலிமில் ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. மாற்றிப் போட்டால் பல் வைத்த இயந்திரத்தில் ஓட்டைகள் எதிர்ப்பக்கம் போய்விடும், படம் நகராது, தப்பு உடனே தெரியும். இது ஒன்றும் சொல்லாது. படத்தில் இடது வலதாகிவிடும், அவ்வளவுதான். கடைப் பலகை எழுத்தோ கல்யாண மோதிரமோ இருந்தால் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் கொண்டுவந்தவருக்குக்கூடத் தெரியாது.

என் கடையில் அது ஒரே ஒரு தடவைதான் நடந்தது.

இரண்டு வருடம் முன்பு ஆர்லிஸ் ஹாஃப் வந்தாள். நாங்கள் ஒரே வகுப்பு. கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன டெல்மர், இந்த வினிகர் நாத்தம் நாறுது? ஊறுகாய் கடை போட்டுட்டியா?"

"பழைய பிலிம் கெட்டா அப்படித்தான் நாறும்."

"அப்ப இதையும் மோந்து பாரு" என்று ஒரு தகர டப்பாவை மேஜைமேல் வைத்தாள். ஹாக்லண்ட் பெரியவர் செத்தபிறகு அவர் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் விலைச்சீட்டு ஒட்டி விற்றார்கள். அங்கே வாங்கியிருக்கிறாள். மூடியில் 'சர்ச் பிக்னிக், ஊலன் ஏரி, ஜூலை 66' என்று பென்சிலில் இருந்தது.

நீங்கள் வெளியூர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பிக்னிக்கில்தான் கர்ட் என்ற ஆறு வயதுப் பையன் மூழ்கிச் செத்தான். பிள்ளைகள் குளிக்கக் கயிறு கட்டிய இடத்தின் இடது கோடியில் காவலுக்கு நான், வலது கோடியில் ஆர்லிஸ். எங்களுக்குப் பதினேழு வயது. எங்களில் யாரோ ஒருவர் இடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். நகரவில்லை என்று இரண்டு பேருமே சொன்னோம். அவள் அழுதுகொண்டே சொன்னாள், நான் நிதானமாகச் சொன்னேன். ஊர் என்னை நம்பியது. அதற்கப்புறம் இந்த ஊரில் யாரும் அவள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"என் தம்பி மக தன் பிள்ளைய என்கூட ஏரிக்கு அனுப்ப மாட்டேங்கிறா" என்றாள் ஆர்லிஸ். "மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டா. 'அடுத்த வாரம் பாக்கலாம் அத்தை'ம்பா. அந்தக் குட்டிக்கு நாலு வயசாச்சு, இன்னும் ஒரு அடுத்த வாரமும் வரல. இதப் போட்டுக் காட்டணும் அவளுக்கு."

"அதுல என்ன இருக்குன்னு தெரியாதே?"

"நான் நகரல டெல்மர். எனக்குத் தெரியும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை தனியாக உட்கார்ந்து ஓட்டினேன். பிலிம் நல்ல நிலையில் இருந்தது. ஹாக்லண்ட் பெரியவர் கரையிலிருந்து எடுத்திருக்கிறார். தண்ணீர், எதிர்க்கரையில் மரங்கள், இரண்டு கோடியிலும் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு உருவங்கள். இரண்டுக்கும் காவலுக்கென்று கொடுத்த ஒரே மாதிரி வைக்கோல் தொப்பி, ஆரஞ்சுச் சட்டை. இடது உருவம் எழுந்து படத்தை விட்டு வெளியே போகிறது. கயிற்றருகே ஒரு சின்னத் தலை தெரிகிறது. அப்புறம் தெரியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் படம் திரும்பிவிடும். அதை நான் செய்யவில்லை. அது மோசடி. பிலிமைத்தான் எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆர்லிஸ் வந்து பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது தடவை எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வலது பக்கம் நாந்தானே?"

"ஆமா."

"அப்ப நாந்தான் போயிருக்கேன்." அந்த உருவம் இருந்த இடத்தைத் திரையில் தொட்டுப் பார்த்தாள். "எங்க போனேன்னுகூட ஞாபகம் இல்லையே, டெல்மர். இத்தன வருஷமா உன்னப் போயி மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். மன்னிச்சிரு."

"பரவால்ல, விடு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிலிமைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனாள். மறுவாரம் முதியோர் இல்லத்தில் கர்டின் அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். சர்ச்சில் எல்லோரும் அதையே பேசினார்கள். யோசித்துப் பாருங்கள், நான் சரியாகப் போட்டிருந்தால் இதில் ஏதாவது நடந்திருக்குமா? ஊர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும். எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் எங்கே போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். தீர்ந்துவிடும் என்று போனேன்.

மூலப் பிலிம் கீழ் இழுப்பறையில் வெள்ளை டப்பாவில் இருக்கிறது. யாருடைய பிலிமையும் நான் தூக்கிப் போட்டதில்லை, ஒரு கட்டத்தைக்கூட வெட்டியதில்லை. அதை நீங்கள் ஓட்டிப் பார்ப்பதானால் மங்கல் பக்கத்தைக் கவனித்துச் சரியாகப் போடுங்கள். ஆர்லிஸிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். இந்த வயதில் அவளை எதற்குக் குழப்ப வேண்டும்?

போன ஞாயிறு ஏரியில் அவளைப் பார்த்தேன். தம்பி மகளின் பிள்ளை அம்மாவோடு தண்ணீரில் நின்று, "அத்தப்பாட்டி, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை இனிமேல் தன்னிடம் விட வேண்டாம் என்று அவளேதான் தம்பி மகளிடம் சொன்னாளாம். நான் கையசைத்தேன், அவளும் அசைத்தாள். நிம்மதியாகத்தான் இருந்தாள்.