குதிகாலுக்குத் தெரிந்த மண்

இப்போதெல்லாம் சுவரில் மயிரிழை அளவுக்குக் கீறல் விட்டால் போதும், எழவு விழுந்த மாதிரி ஆளாளுக்குப் போனை எடுத்துவிடுகிறார்கள். கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. வயசானால் மனிதன் முகத்தில் கோடு விழவில்லையா? கட்டடத்துக்கு மட்டும் விழக்கூடாதா?

வாக்குமூலம் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஆறு குடும்பம் குடியிருக்கும் அந்த மூன்று மாடி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவன் நான். பதினோரு வருஷம் ஆகிறது. பிளானில் ஏழடி ஆழம் என்று இருந்தது. முன்பக்கம் ஏழடி தோண்டினேன். பின்பக்க மூலைத் தூணுக்கு நாலடியில் நிறுத்திவிட்டேன். குழியில் இறங்கிக் குதிகாலால் மூன்று முறை ஓங்கி மிதித்தேன். கல் மாதிரி இருந்தது. கல்லை எதற்குத் தோண்டுவது? சிமென்ட்டைத் தின்றுவிட்டேன் என்று எவனும் என்னைச் சொல்ல முடியாது.

அன்றைக்குச் சோதிக்க வந்த இன்ஜினியர் புது ஷூ போட்டிருந்தார். முன்பக்கக் குழியின் கரையில் நின்று எட்டிப் பார்த்தார். நான் உள்ளே டேப்பைப் பிடித்துக்கொண்டு, “ஏழு சார்” என்றேன்.

“எல்லாம் இதே மாதிரிதானே மேஸ்திரி?”

“இதே மாதிரிதான் சார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வீடு பதினோரு வருஷம் நின்றது. அவர் கையெழுத்தாலா நின்றது?

இந்த வருஷ மழைக்குப் பிறகு கீழ்வீட்டில் பின்கதவை மூட முடியவில்லை. நிலைக்கு மேலே சாய்வாக ஒரு கீறல். வீட்டுக்காரம்மா ஒரு பெண் இன்ஜினியரைக் கூட்டிவந்தார். என் பேத்தி வயசுதான் இருக்கும். அவள் கீறலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து வந்து பார்த்தபோது கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. வீடு இறங்குகிறது, தூணை ஒட்டிக் குழி வெட்டி அடியைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். வேறு எவனாவது வெட்டினால் டீக்கடை டீக்கடையாகப் போய் வாயைத் திறப்பான்.

“பெரியவரே, இது நீங்களே கட்டின வீடாமே?”

“ஆமா. குதிகாலால மிதிச்சுப் பாத்துக் கட்டினது.”

“குதிகால் போதும்னா நான் எதுக்கு நாலு வருஷம் படிச்சேன்?”

“அதத்தான் நானும் யோசிச்சுட்டு இருக்கேன்.”

சிரித்தாள். நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. “கோவிச்சுக்காதீங்க. அடி சரியில்லன்னா ஆறு குடும்பத்தையும் அன்னிக்கே வெளிய அனுப்பணும். நானே குழியில இறங்கிப் பாப்பேன். நாலு பக்கமும் பலகை வச்சு முட்டுக் குடுத்துடுங்க. முட்டு இல்லாம இறங்க மாட்டேன்.”

இரண்டு நாள் தனியாக வெட்டினேன். தூணின் அடி நாலடியில் முடிந்தது. அதற்குக் கீழே உடைந்த ஓடு, கரித்தூள், செருப்பு ஒன்று. எவனோ எப்போதோ குப்பையைக் கொட்டி மூடிய பள்ளம். செருப்பை மதிலுக்கு அப்பால் வீசினேன். மழையில் மண் கொஞ்சம் இளகியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறடி ஆனதும் பலகை வைத்தேன், குறுக்கே முட்டுக்கட்டைகளை அடித்து இறுக்கினேன். காலையில் அவள் வந்து, ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, கீறலை இன்னொரு முறை பார்க்க வீட்டுக்குள் போனாள். அந்த நேரத்தில் அடியில் இருந்த இரண்டு முட்டுகளைத் தட்டி எடுத்தேன். இரண்டே இரண்டு.

திரும்பி வந்தவள் ஏணியில் இறங்கினாள். அவள் கண் நேராகத் தூணின் அடிக்குப் போனது. படித்தவர்கள் எதைப் பார்க்க வந்தார்களோ அதை மட்டும்தான் பார்ப்பார்கள். டேப்பை வைத்து அளந்தாள்.

“பெரியவரே, நாலடியிலயே முடிஞ்சிருக்கே. இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். பொய் சொல்லவில்லை.

சிமென்ட் மூட்டையை இறக்கிவைத்தது போல ஒரு சத்தம். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து, “என்ன மேஸ்திரி சத்தம்?” என்று கேட்டார். “மண்ணு சரிஞ்சிடுச்சும்மா” என்றேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. எப்படியும் மூட வேண்டிய குழி. மூட ஆரம்பித்தேன். வாசலில் அவள் ஸ்கூட்டர் நின்றிருக்காவிட்டால் நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள்.

ஆறு குடும்பத்தையும் நேற்றே வெளியேற்றிவிட்டீர்களாம். வீடு அசையாமல் நிற்பதைப் பார்த்து அவர்களே உங்களைத் திட்டுவார்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று கேட்டீர்கள். “மண்ணு கல்லு மாதிரின்னு சொல்றீங்க. அப்புறம் ரெண்டு முட்டுக்கட்டைய எடுத்தா சரியும்னு எப்படித் தெரிஞ்சுது?”

உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பது சுலபம். குழி வெட்டிப் பார்த்தால் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் எழுந்துகொள்கிறேன், எங்கே கூட்டிப் போக வேண்டுமோ கூட்டிப் போங்கள். உள்ளே வரும்போதே உங்கள் ஸ்டேஷன் வாசல் மண்ணைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. நாலடி போதும்.