ஞாயிற்றுக்கிழமைப் பெயர்

— அமெரிக்கா புட்பால்னு சொல்ற, பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கினு ஓடறான்னும் சொல்ற. அப்போ கால் எதுக்குடா ஜெயகுமாரு?

— ஓடறதுக்குத்தான்பா தணிகாசலம்! எதிர்ல பதினோரு தடியனுங்க, மொத்தமா மேல வுழுவானுங்க. இந்தப் புஸ்தகத்துல வர்ற ஹாங்க் டோலனுக்கு மூக்கே நாலு வாட்டி ஒடைஞ்சுதாம். போட்டோ பாரு.

— மூக்கா இது? மிதிபட்ட கத்திரிக்கா.

— வாரம் பூரா நிலக்கரிச் சுரங்கம். ஞாயித்துக்கிழமை காசு வாங்கிக்கினு ஆட்டம். ஒரு ஊர்ல டோலன், அடுத்த ஊர்ல ஸ்மித், இன்னொரு ஊர்ல பாதிரியார் தம்பி. அந்தக் காலத்துல அப்படித்தான் பேரை மாத்திக்கினு காசு குடுக்கற ஊருக்கு ஆடினாங்களாம்.

— அதுக்கு?

— நீயும் அப்படியே ஆடு. தென்னேரிக்காரங்ககிட்ட பேசி முடிச்சுட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை சடுகுடுல நீ அவங்க ஆளு. பேரு வீரபத்திரன், ஊரு வேலூரு.

— எதிர்ல யாரு?

— நம்ம பிள்ளையார்பாளையம்தான்.

— அடப்பாவி! கேப்டன் நமச்சிவாயம் அண்ணன் சாயப்பட்டறையிலதான்டா எனக்கு வேலை! தெரிஞ்சா தொட்டியிலயே முக்கிடுவாரு.

— அவர்தானே உன்னை டீம்லேர்ந்து தூக்கினாரு?

— ரெஃப்ரீ காதைக் கடிச்சேன், தூக்கினாரு. நியாயம்தானே?

— மொட்டையடிச்சுக்கோ, மீசைய எடுத்துடு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

— கைய எங்கடா ஒளிக்கிறது? முழங்கை வரைக்கும் அரக்குச் சாயம். புடவைக்கு பார்டர் வெச்சாப்ல இருக்குது.

— எலுமிச்சம்பழம் போட்டுத் தேயேன்.

— தேய்ச்சா போற சாயமா நான் போடறேன்? பொழப்பைக் கேவலப்படுத்தாதடா!

— சரி, ரெண்டு கைக்கும் துணி சுத்திக்கோ. அடிபட்டுச்சுன்னு சொல்லிக்கலாம்.

— அந்த டோலன் கடைசியில மாட்டினானா?

— தெரியலபா. கடைசி ரெண்டு பக்கத்துல எவனோ கிழிச்சு பட்டாணி மடிச்சுட்டான்.

— நல்ல புஸ்தகம்டா! ...நான் ஆடி ஆறு மாசமாச்சு. பட்டுக்கழிய அலசிக்கினே சடுகுடு சடுகுடுன்னு முணுமுணுக்கறேன், பட்டறையே சிரிக்குது. ஒரே ஒரு ஆட்டம். வரேன்னு சொல்லு.

— டேய் தணிகாசலம்! உன்னை எங்கெல்லாம் தேடறது?

— நமச்சிவாயம் அண்ணே! சும்மா... புஸ்தகம் பார்த்துக்கினு...

— காது சமாச்சாரத்தை வுடு. ஞாயித்துக்கிழமை நீ நம்ம டீம்ல எறங்கற. தென்னேரிக்காரனுங்க எவனோ வேலூர் வீரபத்திரனைக் கூட்டியாரானுங்களாம். நம்ம பசங்க இப்பவே நடுங்கறானுங்க. அவனைப் புடிக்க உன்னை வுட்டா ஆளில்ல.

— கவலையே வேணாம்ணே. அவன் நம்ம கோட்டுக்குள்ள காலே வைக்க மாட்டான். நான் கியாரண்டி.