முப்பத்திரண்டு மடிப்புப் பாவாடை

காகிதம் மடிக்கிறவர்களுக்கு நகம் வளர்ப்பது தோதுப்படாது, ஐயா. நுனி பட்டாலே மெல்லிய தாள் கிழிந்துவிடும். நான் எப்போதும் ஒட்ட வெட்டிவிடுவேன்.

என் தங்கை மேடையில் ஆடுகிறவள். அவள் உடுத்தும் காகித உடைகளைச் செய்வது நான். சுழன்றால் குடைபோல விரிந்து, நின்றால் தானாகச் சுருங்கிக்கொள்ளும் பாவாடை ஒன்றுக்கு வழி கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. முப்பத்திரண்டு மடிப்பு. ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி, நடுவில் சாய்வாக ஒரு கோடு. சூட்சுமம் அந்தச் சாய்வில்தான்.

அதைப் பற்றிப் புத்தகம் வந்தது. அட்டையில் தங்கையின் பெயர். உள்ளே படங்களில் மடிக்கிற கைகள் என்னுடையவை. நினைவுக்கு இருக்கட்டும் என்று சொல்லித்தான் எடுத்தாள். கடைசியில் நன்றிப் பக்கம். காபி வாங்கிக் கொடுத்தவர்கூட இருந்தார். நான் இல்லை.

சண்டை போடவில்லை, கேட்டேன். தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "உன் பேரைப் போட்டா யார் வாங்குவாங்க அக்கா? நமக்குள்ள என்ன உன்னுது என்னுது?"

நியாயமான பேச்சு. தலையாட்டிவிட்டு, அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த நிகழ்ச்சியில் இரண்டு கைகளிலும் மெழுகுவர்த்தி ஏந்தி ஆட வேண்டும். அந்த மாதிரி ஆட்டத்துக்குத் தாளைத் தீப்பிடிக்காத மருந்துத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தித்தான் மடிப்பேன். இந்த முறை வெறும் தண்ணீரில் நனைத்தேன். காய்ந்தபின் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மேடையேறுமுன் வழக்கம்போலக் கேட்டாள். "மருந்து போட்டாச்சா அக்கா?"

"போட்டாச்சு."

என்னை நம்புவது அவளுக்குப் பழக்கம்.

மூன்றாவது சுழற்சியில் பாவாடை முழுதாக விரிந்தது. அவ்வளவு அழகாக அது ஒருநாளும் விரிந்ததில்லை. பிறகுதான் தீப்பிடித்தது. ஈரக் கம்பளியோடு பக்கத்திரைக்குப் பின்னால் நிற்பதும் என் வேலை. நின்றேன். அவள் என்னைப் பார்த்துத்தான் ஓடிவந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். விளக்குக்காரர்தான் என் கையிலிருந்து கம்பளியைப் பிடுங்கிப் போர்த்தினார்.

பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். என் பேச்சை எடுத்தாலே உடம்பு நடுங்குகிறதாம். வலி அப்படி; சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொறுக்காது.

வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் இருந்தால்தான் அவள் பயப்படமாட்டாள்.