புனேயில் அகப்பட்ட சூப்பர்வைசர்

ஒரகடத்தில் புறப்பட்ட தாம்பரம் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு பெண் வக்கீலும், வேலையிழந்த அவருடைய கட்சிக்காரர் மாரியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உன் சூப்பர்வைசர் புனேல இருக்காருப்பா."

"என்னைய மிரட்டி ராஜினாமால கையெழுத்து வாங்குனவரா? சம்மன் ரெண்டு வாட்டி திரும்பிருச்சேக்கா!"

"நெட்ல வக்கீலுங்க, கம்பெனி ஆளுங்கல்லாம் சேர்ற எடம் ஒண்ணு இருக்கு. இங்க வேலை செஞ்சதை அவரே அதுல பெருமையா எழுதி வெச்சிக்கினு இருக்காரு. அதுலயே எனக்குப் பழக்கமான புனே வக்கீலம்மா நேர்ல போய்ப் பார்த்தாங்க."

சம்மனைக் கதவில் ஒட்டுவது முதல் பத்திரிகையில் போடுவது வரை எல்லா வழியும் அறிந்த கோர்ட் ஊழியனான நான் வாயைப் பிளந்தேன்.

"சாட்சி சொல்ல வருவாராக்கா?"

"வராராம். அவரையும் அப்புறம் அதே மாதிரி மிரட்டித்தான் அனுப்பினாங்களாம்."



"அவரு கேஸையும் நீங்களே நடத்துங்கக்கா."