ஐந்து பேர் வரைந்த முகம்

“மூக்கு மட்டுந்தான் அவுக மூக்கு இல்ல. கண்ணு அவுக கண்ணேதான்.”

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் முன்இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். அறுபதுகளின் தொடக்கம், சாரல் காலம். ஊர் ஊராகப் போகிற ஓவியர்களும் சிற்பிகளும் நாட்டியக்காரர்களும் சேர்ந்து அருவிப் பக்கம் ஒரு விடுதியில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் போலிருந்தது.

“கொழும்புக்குப் போயி எட்டு வருசமா ஒரு கடுதாசி போடாத அண்ணனை, படம் வரைஞ்சவுக எங்கன மதினி பாத்திருப்பாக?” என்றாள் பக்கத்திலிருந்த நாத்தனார்.

“அதைத்தான் கேட்டேன். அந்தப் படத்தை அஞ்சு பேரு சேந்து வரைஞ்சாகளாம். ஆளுக்கு ஒரு ஊர்ல பாத்த முகமாம். மூக்கு வரைஞ்சவரு, வாய் வரைஞ்சவரு எல்லாம் அங்கனதான் நிக்காக. கண்ணு வரைஞ்ச பொம்பள மட்டும் காலையிலயே செங்கோட்டைக்குப் போயிட்டாளாம்.”

“அப்போ அது அண்ணனா, இல்லையா?”

“தெரியலையேட்டி. தள்ளி நின்னு பாத்தா வேற ஆளு. கிட்டப் போனா அவுக.”

மேலகரத்தில் பஸ் நின்றது. நாத்தனார் எழுந்தாள். மதினி அசையவில்லை.

“இறங்கலியா?”

“நீ போயி உலை வை. நான் தென்காசியில பஸ் மாறி செங்கோட்டைக்குப் போயி, அந்தக் கண்ணை எந்த ஊர்ல பாத்தாள்னு கேட்டுட்டு வாரேன்.”

நாத்தனார் படிவரை போய் நின்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“நானும் வாரேன். ஆனா நீங்களே கேளுங்க மதினி. எனக்குக் கேக்கப் பயமா இருக்கு.”