ஏழாவது பெயர்

எர்மெலிந்தா: இழுக்காதே அண்ணே… இன்னும் கொஞ்சம்… ஐயோ, இழுத்துட்டியே!

அமதேவு: சத்தம் போடாதே. மீன் ஓடிடும்.

எர்மெலிந்தா: அது ஓடி ரொம்ப நேரமாச்சு. முள்ளுல இரைக்குக் குத்தின நெத்திலி இருக்கா?

அமதேவு: இருக்கு.

எர்மெலிந்தா: முழுசாவா?

அமதேவு: …தலை இருக்கு.

எர்மெலிந்தா: காலையிலேர்ந்து இது அஞ்சாவது தலை. சேத்து வச்சா ராத்திரிக்கு ஒரு சூப் வைக்கலாம்.

அமதேவு: உன் கயாக் படகை எதுக்கு என் படகோட சேத்துக் கட்டினே? உன் நிழல் விழுந்துதான் மீன் கலையுது.

எர்மெலிந்தா: என் நிழல் என் பக்கமும்தானே விழுது? என் பையில ரெண்டு ஹாலிபட் மீன் தட்டையாப் படுத்திருக்கே, அதுக ரெண்டும் என்ன குருடா?

அமதேவு: அதிர்ஷ்டம்.

எர்மெலிந்தா: அந்த அதிர்ஷ்டம் உன் பக்கம் எட்டிப் பாத்து பத்தொன்பது வருஷம் ஆச்சே!

அமதேவு: கடல் சூடாயிடுச்சு. கடல் சிங்கம் பெருத்துப் போச்சு. இந்தக் காலத்துத் தூண்டில் முள்ளும் சரியில்லை.

எர்மெலிந்தா: ஆமா. இந்தக் கலிபோர்னியாக் கடல்ல எழுபத்திரண்டு வயசு அமதேவு குலார்ட் ஒருத்தர்தான் சரியா இருக்காரு.

அமதேவு: வாயாடாதே. தொட்டியிலேர்ந்து நல்லாத் துள்ளறதா ஒண்ணு எடுத்துக் குடு.

எர்மெலிந்தா: இந்தா. மூக்குல குத்து. போன தடவை முதுகுல குத்தி, பாவம், அதை அங்கேயே தூங்க வச்சுட்டே.

அமதேவு: எனக்கே பாடமா? அப்பா என் கையில தூண்டில் கம்பு குடுத்தப்ப நீ தொட்டில்ல கால் ஆட்டிக்கிட்டிருந்தே.

எர்மெலிந்தா: இப்ப நான் மீன் பிடிக்கறேன், நீ கால் ஆட்டறே. இரு இரு, வாக்கி டாக்கி கரகரங்குது…

செஃபெரினோ: கயாக்ல இருக்கற எல்லாருக்கும், கரையிலேர்ந்து செஃபெரினோ பேசறேன். பன்னெண்டு மணிக்குப் போட்டி முடியுது. இன்னும் நாப்பது நிமிஷம். மீனை நேரா என் அளவுப் பலகைக்குக் கொண்டு வாங்க. ஓவர்.

அமதேவு: அதை அணை.

எர்மெலிந்தா: அணைக்கக் கூடாது, போட்டி விதி. ஒரு வார்த்தை பதில் சொன்னாத்தான் என்ன? உன் தம்பிதானே?

அமதேவு: எனக்குக் கூடப்பிறந்தவங்க அஞ்சு பேர். ஆறாவதா யாரும் கிடையாது.

எர்மெலிந்தா: அந்தக் கிடையாதவன் செவ்வாய்க்கிழமை ஊரைக் காலி பண்ணிக்கிட்டு அரிசோனா போறான், மக வீட்டோட. பாலைவனம், அண்ணே. அங்க அலைன்னு பாக்கணும்னா குளிக்கற தொட்டியில கையை விட்டு ஆட்டணும்.

அமதேவு: போகட்டும். அங்க போய்ப் பல்லியை அளக்கட்டும்.

எர்மெலிந்தா: சிரிக்க வைக்காதே, கவுந்துடுவோம்.

அமதேவு: நீ சிரிப்பே. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே போட்டியில, ஊரே பாக்க என் மீனை மூணு தடவை அளந்தான். சொந்த அண்ணன் மீனை! சர்ச் மண்டபத்துக்குள்ள இருந்த பாதிரியாரைக் கூப்பிட்டு வேற காட்டினான். “அரை அங்குலம் குறையுது, செல்லாது.” குலார்ட் வீட்டு மூத்தவன் குட்டி மீனைத் தூக்கிட்டு வந்தான்னு இன்னிக்கும் பேசறானுங்க.

எர்மெலிந்தா: இருபத்திரண்டு அங்குலம் இருக்கணும். குறைஞ்சுதா, இல்லையா?

அமதேவு: அதுவா பேச்சு?

எர்மெலிந்தா: வேற எது பேச்சு?

அமதேவு: …குறைஞ்சுது. கயாக்லயே ரெண்டு தடவை அளந்து பாத்தேன்.

எர்மெலிந்தா: அடப்பாவி! தெரிஞ்சேதான் கொண்டு போனியா?

அமதேவு: தம்பிதானே அளக்கறான்னு கொண்டு போனேன். வாலைக் கொஞ்சம் நீவி விட்டிருந்தா வந்திருக்கும். அண்ணன் மீன்னா நீவி விடணும்.

எர்மெலிந்தா: அவன் நீவலைன்னுதான் நீ அவன் பேரையே எடுத்துட்டே.

அமதேவு: எந்தப் பேரை? எங்கேர்ந்து?

எர்மெலிந்தா: நடிக்காதே. ஹாலிபட் இரையை முதல்ல பல்லால கவ்வி வச்சுக்கும், உடனே முழுங்காது. அதனால கம்பு ஆடினதும் பிள்ளைங்க ஏழு பேர் பேரையும் மூத்ததுலேர்ந்து நிதானமாச் சொல்லி முடிச்சுட்டுத்தான் இழுக்கணும்னு அப்பா பழக்கினாரா, இல்லையா? நீ இப்ப எத்தனை பேர் சொல்றே?

அமதேவு: அது என் மனசுக்குள்ள.

எர்மெலிந்தா: உதடு அசையுதே! நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ஆறாவது ஒலிம்பியா, உடனே வெடுக்குன்னு ஒரு இழுப்பு. சாப்பிட உக்காந்தவன் தட்டைப் பிடுங்கற மாதிரி.

அமதேவு: ஒலிம்பியாவை ரெண்டு தடவை சொன்னாப் போச்சு.

எர்மெலிந்தா: சொல்லிப் பாத்தியா?

அமதேவு: …பாத்தேன்.

எர்மெலிந்தா: என்னாச்சு?

அமதேவு: ரெண்டாவது தடவை வாய் வரலை. அவளுக்கு ஏற்கெனவே தலைக்கனம் வேற.

எர்மெலிந்தா: அண்ணே… உன் கம்பு.

அமதேவு: பாத்துட்டேன்.

எர்மெலிந்தா: ரெண்டு தட்டு தட்டுச்சு… இப்ப கனமா இழுக்குது பாரு. தூண்டில் நரம்பைக் கொஞ்சம் விடு. இறுக்காதே, இறுக்காதே…

அமதேவு: நீ வாயை இறுக்கு. …அமதேவு… லவ்ரிந்தா…

எர்மெலிந்தா: அவசரப்படாதே.

அமதேவு: குஸ்தோதியோ… எர்மெலிந்தா…

எர்மெலிந்தா: இருக்கேன்.

அமதேவு: சனியனே! …திபூர்சியோ… ஒலிம்பியா…

எர்மெலிந்தா: இழுக்காதே. இழுத்தே, கயிறை அவுத்துவிட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன். சொல்லு.

அமதேவு: …முடியாது.

எர்மெலிந்தா: மீனுக்கு மானம் மரியாதையெல்லாம் தெரியாது அண்ணே. அதுக்குப் பசி மட்டும்தான். இன்னும் கவ்விக்கிட்டுதான் இருக்கு.

அமதேவு: …செஃபெரினோ.

எர்மெலிந்தா: என்ன? அலைச் சத்தத்துல கேக்கலை.

அமதேவு: செஃபெரினோ! மானுவேல் குலார்ட்டோட கடைசிப் பிள்ளை, என் தம்பி செஃபெரினோ! போதுமா?

எர்மெலிந்தா: இப்ப இழு! …மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு அண்ணே! கம்பு வில்லா வளையுதே!

அமதேவு: கயிறை அவுரு! நம்ம ரெண்டு பேரையும் இழுக்குது!

எர்மெலிந்தா: இழுத்துட்டுப் போகட்டும், பெடல் மிதிக்கற வேலை மிச்சம். ஓட விடு, களைக்கட்டும்… மேல வருது. அம்மாடி! கதவு மாதிரி இருக்கு!

அமதேவு: வலையை எடு. தலை தண்ணிக்கு மேல வந்தா வெறி பிடிச்சு ஆடும். அடியில விடு… இன்னும் அடியில…

எர்மெலிந்தா: உன் மடியில போடட்டுமா?

அமதேவு: விளையாடாதே, கால் முறிஞ்சுடும்! குறுக்கால வை… அப்படியே… ஆங், வந்துட்டான்.

எர்மெலிந்தா: மூச்சு விடு அண்ணே. நீ பிடிச்ச மீனைப் பாக்க நீ இருக்கணுமில்ல? இரு, அளந்துடறேன்.

அமதேவு: நீ அளக்க வேணாம்.

எர்மெலிந்தா: ஏன்?

அமதேவு: அளக்கறதுக்குன்னு கரையில ஒருத்தன் இருக்கான். என்ன முழிக்கறே? மிதி, நேரமாகுது.

செஃபெரினோ: கரையிலேர்ந்து… அண்ணே… கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு. பல்லியை அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல உன் மீனைக் கொண்டா. இந்தத் தடவை வாலை நல்லா நீவி விட்டே அளக்கறேன். ஓவர்.

அமதேவு: நீவக் கூடாதுன்னு சொல்லு. முப்பது அங்குலத்துக்குக் கொறைவா இருந்தா என் மீசையை எடுத்துக்கச் சொல்லு.

எர்மெலிந்தா: அண்ணே… அடிக்க வராதே. அவன் மொதல்ல பேசி முடிச்சதுலேர்ந்து நீ மீனை இழுக்கற வரைக்கும் வாக்கி டாக்கியில பேசற பொத்தானை நான்தான் அமுக்கிப் பிடிச்சிருந்தேன். நீ சொன்ன ஒவ்வொண்ணும் கரையில அப்படியே கேட்டிருக்கும். பாதிரியார் உட்பட.

அமதேவு: தெரியும். நீ அமுக்கினப்பவே அதுல சிவப்பு விளக்கு எரிஞ்சுதே, பாத்துட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றே? நேர்ல போய்ச் சொன்னா மானம் போகும். மீனுக்காகச் சொன்னேன்னா யார் என்ன கேக்க முடியும்?