லோமனைப் பிடிக்க வந்த திங்கட்கிழமை

— வரமாட்டேன்னா என்ன அர்த்தம், பெர்னதெத்? கொட்டுற மழையில சைக்கிள் மிதிச்சு வந்திருக்கேன். அடுகோடி ரோடு பூரா சேறு. உள்ள உக்காந்திருக்கற அந்த ஜெர்மன்காரரை எழுந்து சட்டையைப் போடச் சொல்லு.

— முதல்ல நீ உக்காரு, மைக்கேலண்ணா. எட்டு வருஷம் கழிச்சு தங்கச்சி வீட்டு வாசப்படி மிதிச்சிருக்கே. தலையைத் துவட்டிக்கோ. காப்பி போடறேன்.

— காப்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் இங்க வரவே இல்ல, தெரிஞ்சுதா? யாராவது கேட்டா நான் பிளாக்பள்ளி கோயில்ல காலைப் பூசையில இருந்தேன். அதுக்குத்தான் யூனிஃபார்ம் போடாம வந்திருக்கேன்.

— போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் பூசை பேரைச் சொல்லி பொய் சொல்லலாமா?

— சிரிக்கிற நேரமாடி இது? நேத்து ரேடியோவுல சொன்னது கேட்டே இல்ல? சண்டை ஆரம்பிச்சாச்சு. கன்டோன்மென்ட்லயும் சுத்துப்பக்கத்துலயும் எத்தனை ஜெர்மன்காரங்க இருக்காங்களோ அத்தனை பேரையும் இன்னைக்கே வாரிக்கிட்டு வரணும்னு மேலிடத்து ஹுகும். பாதிரியாரானாலும் சரி, டாக்டரானாலும் சரி. அடுகோடிக்குப் போற வேலை யார் தலையில விழுந்துதுன்னு நினைக்கிறே? மத்தியானம் நானே வேனோட வருவேன். கூட வெள்ளைக்கார சார்ஜென்ட். அதுக்குள்ள லோமன் துரை இந்த வீட்டுல இருக்கக் கூடாது.

— ஸ்வல்ப பொறுங்க, மைக்கேல் சார். மழைக்கு என் வாத்தியத்துத் தந்தி இறங்கிப் போச்சு. முறுக்கிட்டு வரேன்.

— பாத்தியா? பாத்தியா? வீடு பத்தி எரியுது, இவர் தந்தி முறுக்கறார்!

— அவர் அப்படித்தான். பயம் வந்தா உடனே அந்தப் பெரிய பிடிலை, அதான் செல்லோவைத் தொடுவார். எர்வின், அதை வெச்சுட்டு இப்படி வாங்க. அண்ணன் சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க.

— வந்துட்டேன். காலை வணக்கம், மைக்கேல் சார். நீங்க நனைஞ்சுட்டீங்க. பெர்னதெத், நீங்க இவருக்கு என் துண்டு குடுங்க.

— துண்டு இருக்கட்டும் துரை. நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. தெருமுனையில ஜட்கா நிக்குது, எனக்குத் தெரிஞ்ச பாய். திரை போட்ட வண்டி. யஷ்வந்தபுரம் ஸ்டேஷன்ல இறக்கி விடுவார். சிட்டி ஸ்டேஷன், கன்டோன்மென்ட் ஸ்டேஷன் ரெண்டுலயும் ஆள் போட்டாச்சு, யஷ்வந்தபுரத்துல இன்னும் போடல. ஹூப்ளி போயி அங்கிருந்து கோவா. அது போர்ச்சுகீஸ் ராஜ்யம், இவங்க கை எட்டாது. ஜல்தி கிளம்புங்க.

— செல்லோ?

— என்னா செல்லோ? ஆள் உசரத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிப் போறவன் எங்கயாவது உண்டா? ஒரு மைல் தாண்ட மாட்டீங்க.

— அண்ணன் சொல்றது சரி, எர்வின். செல்லோவை நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க. கோவாவுல இடம் பிடிச்சதும் நானும் வந்துடறேன். அங்க கோயிலுக்கா பஞ்சம்? ஆர்மோனியமாவது வாசிச்சுப் பொழைச்சுக்குவோம்.

— இல்ல, பெர்னதெத். நான் போகல.

— காலையில இருந்து இதையேதான் சொல்றார், அண்ணா. நீ கதவைத் தட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சண்டை போட்டுட்டேன். என் சேசுவே, இந்த மனுசனுக்கு நான் எந்த பாஷையில சொல்றது?

— துரை, இங்க பாருங்க. பிடிச்சா என்ன, பத்து நாள்ல விசாரிச்சு விட்டுடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?

— இவரா? இவரா அப்படி நினைப்பார்? அண்ணா, இவரை ஏற்கெனவே ஒரு தடவை பிடிச்சாச்சு. உனக்குத் தெரியாதா?

— எப்போ?

— போன சண்டையில. நம்ம வீட்டுல எப்பவாவது யாராவது இவரைப் பத்திக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். லைப்ஸிக்னு ஒரு ஊர். பதினேழு வயசுல அங்க ஆபராங்கற பாட்டு நாடக மேடைக்குக் கீழ வாசிக்க உக்காந்தவர். பெரிய பெரிய ஆளுங்க கூட வாசிச்சிருக்கார். அப்புறம் மூணு பேராச் சேர்ந்து கொழும்பு, மெட்ராஸ், கல்கத்தான்னு கச்சேரி பண்ணக் கிளம்பினாங்க. மெட்ராஸ்ல ஒரு ஹோட்டல்ல வாசிச்சுக்கிட்டிருக்கறப்ப சிப்பாய்ங்க வந்தாங்க. பாதிப் பாட்டுல எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க.

— பாதி இல்ல. முடிய ஒரு பக்கம் இருந்துச்சு.

— சரி, ஒரு பக்கம். அகமத்நகர்ல முள்கம்பிக்குள்ள அஞ்சு வருஷத்துக்கு மேல போட்டு வெச்சிருந்தாங்க, அண்ணா. இருபத்தேழு வயசுல போனவர். வாத்தியம் ஹோட்டலோட போச்சு. ஒரு பலகையில நாலு சணல் கயிறைக் கட்டி, மூங்கில் குச்சியால தினம் காலையில வாசிச்சிருக்கார். சத்தமே வராது. பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

— எல்லாரும் இல்ல, பெர்னதெத். ஒருத்தர், ரொட்டிக் கடைக்காரர், பக்கத்துக் கட்டில். அவர் சொல்வார்: லோமன், இன்னைக்கு உங்க வாசிப்பு நல்லா இருந்துச்சு, நேத்து கொஞ்சம் மோசம்.

— விட்டாங்களா இல்லையா, கடைசியில?

— விட்டாங்க. எங்க விட்டாங்கன்னு கேளு. பிடிச்ச மெட்ராஸ்லயா? கப்பல்ல ஏத்தி ஜெர்மனிக்கு அனுப்பிட்டாங்க. இவர் கேட்டாரா? யாராவது இவரைக் கேட்டாங்களா? அங்க போனா இவர் நாற்காலியில வேற ஆள்.

— சின்னப் பையன். நல்லா வாசிச்சார். என்னை விட நல்லா. அதுதான் பேஜார், மைக்கேல் சார். மோசமா வாசிச்சா நான் சண்டை போட்டிருப்பேன்.

— அதுக்கப்புறம் காபிக் கடை, சாராயக் கடை, கல்யாண வீடு. விரல் எல்லாம் இறுகிப் போச்சு. ஏழு வருஷம் அப்படி அலைஞ்சிருக்கார். பெங்களூர்ல பயாஸ்கோப் கொட்டாய்க்கு பேண்டு வாசிக்க ஆள் வேணும்னு ஒருத்தர் சொன்னதும் ஓடி வந்துட்டார். நான் அங்க பியானோ. எனக்கு இருபத்திரெண்டு வயசு.

— தெரியும், தெரியும். நான் தரை டிக்கெட்டுல உக்காந்து பாக்கறவன்தானே. திரையில குதிரை ஓடினா இந்தப் பெரிய பிடில்லயும் குதிரை ஓடும். ஒரு படத்துல கப்பல் முழுகறப்ப இவர் வாசிச்சார் பாரு, எனக்கு நிஜமாவே மூச்சு முட்டிப் போச்சு. பக்கத்துல ஒரு சோல்ஜர், அவனும் அழுதுட்டான்.

— இதை ஏன் நீ அப்பவே சொல்லல?

— யார்கிட்ட சொல்றது? அப்பாகிட்டயா? பேசும் படம் வந்து பேண்டைக் கலைச்சாங்க. இவர் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சார். சரி, நீயும் பியானோ சொல்லிக் குடுக்கறேன்னு வந்து ஒரே வீட்டுல உக்காந்துட்டே. ஊர் என்னா பேசும்? கல்யாணம்னு ஒண்ணைப் பண்ணித் தொலைச்சிருந்தாக்கூட அப்பா சாகறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்திருப்பார்.

— நான் மாட்டேன்னா சொன்னேன்?

— அப்ப யார் மாட்டேன்னது? துரை, நீங்களா? உங்களைத்தான் கேக்கறேன். என் தங்கச்சிக்கு என்னா குறைச்சல்?

— அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. குறை என் பாஸ்போர்ட்டுல இருக்கு.

— என்னமோ போங்க. இவளைக்கூட நீங்க, வாங்கன்னுதான் கூப்பிடறார், கேக்கவே ஒரு மாதிரி இருக்கு.

— சமையல் செய்யற கோமளம்மாகிட்ட தமிழ் கத்துக்கிட்டார், அண்ணா. அவங்க இவரை நீங்கன்னாங்க, இவர் உலகத்துக்கே நீங்கன்னுட்டார். பக்கத்து வீட்டு நாயையும் உள்ள வாங்கன்னுதான் கூப்பிடுவார்.

— சரி, விடு. நேரம் ஓடுது. துரை, நான் கைகூப்பிக் கேக்கறேன். எழுந்திருங்க.

— மைக்கேல் சார், நான் ஹிட்லர் கட்சி இல்ல. மெட்ராஸ்ல இருந்து ஜெர்மன் கான்சல் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. கட்சி விழாவுல வாசிங்கன்னாங்க. நான் மாட்டேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. நீங்க இதை உங்க மேலதிகாரிகிட்ட சொல்லலாமா?

— சொல்லிட்டேன். நேத்தே சொல்லிட்டேன், துரை. ஜெர்மன்னா ஜெர்மன், மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்னுட்டார்.

— போன தடவை பிடிச்சவங்க சொன்ன மாதிரியே இவரும் சொல்றார்.

— அதுக்குத்தான் ஓடுங்கன்னு சொல்றேன், எர்வின்! ஐம்பத்திரண்டு வயசுல மறுபடியும் பலகையில கயிறு கட்டப் போறீங்களா? அண்ணா, அங்க செல்லோவை எடுத்துட்டுப் போக விடுவாங்களா?

— ஒரு பெட்டி, ஒரு படுக்கை. அவ்வளவுதான்.

— அதைப் படுக்கைன்னு எழுதிக்கோ. இவர் தரையில படுத்துக்குவார்.

— எழுதறது நான் இல்லடி, சார்ஜென்ட். கேட்டுப் பாக்கறேன். என்னால சத்தியம் பண்ண முடியாது. கோவாவுக்குப் போயிட்டா இந்தப் பேச்சே வேணாம் இல்ல? ஏன் இந்த மனுசன் நகர மாட்டேங்கறார்?

— நான் சொல்றேன். என் தமிழ் தப்பா இருந்தா, பெர்னதெத், நீங்க சரி பண்ணுங்க.

— சொல்லுங்க.

— மெட்ராஸ்ல நான் ஜெர்மன்காரன். என்னைப் போ போன்னாங்க. லைப்ஸிக்ல நான் இந்தியாக்காரன். கருப்பாயிட்டே, உன் விரல் கெட்டுப் போச்சு, போன்னாங்க. பயாஸ்கோப்ல பேசும் படம் வந்துச்சு, போங்கன்னாங்க. நான் போனேன், போனேன், போனேன். என் வாழ்க்கையில நானா ஒரு இடத்துல உக்காந்தது இந்த வீடு. துரத்தினா போறேன். என் கையைப் பிடிச்சு இழுத்தா போறேன். ஆனா இந்த வீட்டை விட்டு நானா எழுந்து ஜட்காவுல ஏற மாட்டேன். சரியா?

— தப்பே இல்ல, எர்வின். தமிழ் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

— அழாதீங்க. இன்னொண்ணும் இருக்கு. இங்கிருந்து பிடிச்சுட்டுப் போனா, சண்டை முடிஞ்சதும் நான் கேக்கலாம்: எங்கிருந்து என்னை எடுத்தீங்க? அடுகோடி. அங்க திருப்பி வைங்க. ஓடிப் போனவன் எப்படிக் கேக்கறது?

— போன தடவை அப்படியா திருப்பி வெச்சாங்க, துரை? உங்களை யார் கேட்டா? பொண்டாட்டி இல்ல, புள்ளை இல்ல, சொத்து இல்ல. தனி ஆள். கப்பல்ல ஏத்தி விட்டுட்டு கையைத் தட்டிட்டுப் போயிட்டாங்கன்னு இவதானே சொன்னா. இந்தத் தடவையும் அதேதான் நடக்கும். அந்த ஜெர்மனிக்கு அனுப்புவாங்க. கான்சலுக்கு வாசிக்க மாட்டேன்னு சொன்ன ஆளு, அங்க போயி உயிரோட இருப்பீங்களா?

— தந்தி மறுபடியும் இறங்கிடுச்சு. முறுக்கணும்.

— பதில் சொல்லுங்க, எர்வின். அண்ணன் கேக்கறது சரிதானே?

— சரிதான். இருந்தாலும் நான் இங்கதான் இருப்பேன்.

— ஏசப்பா! என்ன சத்தம் அது?

— ஜன்னல் பக்கம் போகாதே. நான் பாக்கறேன்... நாசமாப் போச்சு. வேன். அடுகோடி மூலையில திரும்பிடுச்சு. பன்னெண்டுக்கு வர வேண்டிய சார்ஜென்ட் இப்பவே வந்துட்டான்.

— உன்னை இங்க பாத்தா?

— ஆள் தப்பிக்காம இருக்க முன்னாடியே வந்து காவல் இருந்தேன்னு சொல்லிக்கறேன். மெடலே குடுப்பானுங்க. துரை, மன்னிச்சுடுங்க. இனிமே நான் வேற ஆள். பெட்டியை எடுத்துக்குங்க.

— பெட்டி ராத்திரியே ரெடி. மைக்கேல் சார், நீங்க நல்ல காவல்காரர். பெர்னதெத், செல்லோவை ஜன்னல்கிட்ட வைக்காதீங்க, ஈரம் ஆகாது.

— செல்லோவைப் பெட்டியில வெச்சு மூடிட்டேன். கோமளம்மா வந்து அவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. சொல்லி வெச்சிருக்கேன்.

— கோமளம்மா எதுக்கு? நீ இருக்கே இல்ல? ஏய், எதுக்குடி செருப்பை மாட்டறே? அது யார் பை?

— என் பை.

— ஸ்டேஷன் வரைக்கும் வரேன்னு அடம் பிடிக்காதே. வேன்ல ஏத்த மாட்டான்.

— பெர்னதெத், வேண்டாம். நீங்க சத்தியம் பண்ணீங்க. சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க!

— நீங்க ஓடியிருந்தா சொல்லியிருக்க மாட்டேன், எர்வின். ஓடல இல்ல? சும்மா இருங்க.

— என்னாத்தைச் சொல்லல? ரெண்டு பேரும் என்னா பேசிக்கறீங்க?

— ஜூன் மாசம் கோலார் தங்கவயல் கோயில்ல எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, அண்ணா. சுரங்கத்துல வேலை செய்யற ரெண்டு பேர் சாட்சி.

— அடிப்பாவி! ஏன் சொல்லல?

— சட்டம் தெரிஞ்ச ஆளு நீ, நீயே சொல்லு. ஜெர்மன்காரனைக் கட்டிக்கிட்டவ யாரு?

— அவளும்... ஐயோ. புருஷன் எந்த தேசமோ அவளும் அந்த தேசம்.

— அதுக்குப் பயந்துதான் இவர் பன்னெண்டு வருஷம் மாட்டேன் மாட்டேன்னார். சண்டை வரப்போகுதுன்னு தெரிஞ்சப்புறம் நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். யாருக்கும் சொல்லக் கூடாதுங்கற நிபந்தனையிலதான் மோதிரம் போட்டார்.

— பெர்னதெத், கேளு. நீ வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாது. நானும் கேக்கல. இப்பவே மறந்துட்டேன். பொம்பளைங்களை வேற எங்கயோதான் வைப்பாங்க, இவர் கூட இருக்க விட மாட்டாங்க.

— வேற எங்க வேணா வைக்கட்டும். கடைசியில ஒரே கப்பல்ல ஏத்துவாங்களா இல்லையா? இல்ல, பொண்டாட்டி ஊர் இதுன்னு இங்கயே விடுவாங்களா இல்லையா? ரெண்டுல எதுவானாலும் இவர் தனி ஆள் இல்லையே.

— என் கையால... என் சொந்தத் தங்கச்சியை...

— கதவைத் தட்டறான். அழாம போ, அண்ணா. போய்த் திற. உள்ள ஜெர்மன்காரங்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்லு.